நூற்றுக்கு நூறு தமிழ்

மனிதன் தலைக்குள் எந்த மொழியில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வந்தால், முதலில் யாரைச் சோதிப்பார்கள்? மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசுகிற பெரிய மனிதர்களை என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. வெலிஹேன தோட்டத்துத் தமிழ் வித்தியாலயத்தின் சின்னப் பிள்ளைகளைத்தான் சோதித்தார்கள். பால் பல் விழாத பிள்ளைகளும் அதில் இருந்தன.

வெலிஹேன இருப்பது நாட்டின் தெற்கே. சுற்றிலும் சிங்கள ஊர்கள், நடுவில் இந்தத் தேயிலைத் தோட்டம். தமிழ் அங்கேயும் அரசகரும மொழிதான். சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ரூபாய்த் தாளில் இருக்கிறது, பஸ் பலகையில் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. பொலிஸிலும் தபாலகத்திலும் போய்த் தேடினால் இல்லை. அந்த வட்டாரத்திலேயே தமிழ் முழுசாக இருந்தது இந்த ஒரு பாடசாலையில் மட்டும்தான்.

தயாளினிக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. அவள் காலத்தில் வெலிஹேனவில் ஐந்தாம் தரம் வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு டவுன் சிங்களப் பாடசாலையின் கடைசி வாங்கு, கடைசிப் பெஞ்சு. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கத் தெரியாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்த அந்த முதல் வாரத்தை அவள் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. தட்டுத்தடுமாறிப் படித்துத் தாதியானாள். பிரதேச வைத்தியசாலையில் தமிழ் தெரிந்த தாதி அவள் ஒருத்திதான். தன் மகள் யதுஷா அந்தக் கடைசி வாங்கில் உட்காரக் கூடாது என்பது அவளுடைய வாழ்க்கையின் ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் பதவியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாடசாலையில் பெற்றோரைக் கூட்டிக் கருவியை விளக்க வந்தவர் பெயர் குணாளன். மொழி ஒதுக்கீட்டு ஆணையகத்தின் இணைப்பதிகாரி, தமிழர். தமிழர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லத் தமிழரையே அனுப்புகிற மரியாதை மட்டும் அரசாங்கத்துக்கு எப்போதும் உண்டு.

"பயப்பட ஒன்னுமில்லீங்க. ஊசி இல்ல, மருந்து இல்ல. தலையில ஒரு பட்டி போடுவோம். பிள்ளை கொஞ்ச நேரம் படம் பாக்கும். அந்த நேரம் அது உள்ளுக்குள்ள எந்த மொழியில பேசிக்கிதுன்னு பட்டி சொல்லிரும். அறுபது வீதம் தமிழ் இருந்தா தமிழ்ப் பிள்ளை. முப்பது தமிழ்ப் பிள்ளை இருந்தா தமிழ்ப் பாடசாலை."

"முப்பதுக்குக் கொறைஞ்சா?" சங்கத் தலைவர் பாக்கியநாதன் கேட்டார். தோட்டத்து முச்சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"பக்கத்துச் சிங்களப் பாடசாலையோட சேத்துருவாங்க. பஸ் எல்லாம் குடுப்பாங்க. பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்காது."

தயாளினி எழுந்தாள். "எம்புள்ள ரெண்டு பாஷையும் பேசும் சேர். அது குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா மிஸ்? நல்ல விஷயம். ஆனா உள்ளுக்கு ஏதாவது ஒன்னுதான் முன்னுக்கு நிக்கும். எது நிக்கிதோ அதுதான் அதோட மொழி."

"பெத்தவ நான் சொல்றேன், எம்புள்ள தமிழ்ப் புள்ளன்னு. அது போதாதா?"

"இவ்வளவு காலமும் பெத்தவங்க சொன்னதத்தான் நம்பினாங்க. சில எடத்துல இல்லாத பிள்ளைகளையும் பதிஞ்சி வச்சிருந்தாங்க. இப்ப கருவி சொல்லும். கருவி பொய் சொல்லாது பாருங்க."

பின்னால் இருந்து ஒரு தாய் கேட்டாள், "அப்ப புள்ள உள்ளுக்கு என்னா நெனைக்கிதுன்னு நீங்க பாத்துருவீங்களா? வீட்டுல ஆயிரம் நடக்கும்." கூட்டம் சிரித்தது.

குணாளனும் சிரித்தார். "இல்லம்மா. எங்களுக்கு வீதம் மட்டுந்தான் தெரியும். சொல்லு எல்லாம் மூடியிருக்கும். பெத்தவங்க கேட்டா அவங்களுக்கு மட்டும் தெறந்து காட்டணும்னு விதி இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"உங்க பிள்ளைங்க எங்க சேர் படிக்கிறாங்க?" என்றாள் தயாளினி.

"கொழும்புல. இன்டர்நேஷனல் ஸ்கூல். அங்கெல்லாம் இந்தச் சோதனை கெடையாது."

கூச்சமே இல்லாமல் சொன்னார். அதனால் யாருக்கும் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

அன்றைக்கே ஒரு முன்சோதனை வைத்துப் பார்த்தார்கள். இருந்த முப்பத்துமூன்று பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறின. தேறாத பிள்ளைகள் யாரென்று பார்த்தால் வயிறு எரியும். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மிச்சக் காசைச் சரிபார்க்கிற பிள்ளைகள், பஸ்ஸில் கண்டக்டரோடு வாயாடுகிற பிள்ளைகள், வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிற பிள்ளைகள். எல்லாரையும் விட அதிகம் எடுத்தது லயத்து வீடுகளை விட்டு வெளியே போகாத, காது மந்தமான ஒரு பிள்ளை. நாலு பேரோடு பழகத் தெரிந்ததுதான் மற்றப் பிள்ளைகள் செய்த குற்றம். யதுஷா எடுத்தது நாற்பத்தொன்று.

ஏன் நாற்பத்தொன்று என்று தயாளினிக்குத் தெரியும். தோட்டத்து எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் சந்தமாலியின் வீடு. சந்தமாலியின் மகள் செனுரியும் யதுஷாவும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒன்றாக விளையாடுகிறார்கள். இரண்டு பேரும் கயிறு தாண்டும்போது எண்ணுவது சிங்களத்தில்தான். எக்காய், தெக்காய், துணாய். கயிறு செனுரியுடையது, அதனால் எண்ணிக்கையும் அவளுடையது. செனுரிக்கும் நல்லாத் தமிழ் விளங்கும், ஏசவும் தெரியும். ஆனால் அவள் தலையை அளக்க யாரும் பட்டி தூக்கிக்கொண்டு வரவில்லை.

உண்மைச் சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. அன்று மாலையே சங்கம் கூடியது. பிள்ளைகள் அதுவரை சிங்களம் பேசாமல் இருந்தால் தமிழ் கூடிவிடும் என்பதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து. எப்படி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

"புள்ளைகள் வாய்க்குப் பூட்டா போட முடியும்?" என்று சலித்துக்கொண்டார் பாக்கியநாதன்.

"காப்புக் கட்டுவோம்," என்றாள் தயாளினி.

தோட்டத்தில் அம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினால், திருவிழா முடியும்வரை கவிச்சி தொடக் கூடாது, எல்லை தாண்டக் கூடாது. குடிகாரன்கூட அந்தக் கயிறு கையில் இருக்கும்வரை போத்தலைத் தொடமாட்டான். நடுவில் அவிழ்த்தால் சாமி குற்றம். தோட்டத்தில் சட்டத்துக்குப் பயப்படாதவன் இருக்கலாம், காப்புக்குப் பயப்படாதவன் இல்லை. அந்தப் பயத்தைத்தான் தயாளினி பிள்ளைகளின் கையில் கட்டச் சொன்னாள். படித்தவள், நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுகிறவள். ஆனால் கோபம் தலைக்கேறினால் படிப்பெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. பாடசாலை அதிபர் ஜெசிந்தா டீச்சர் மட்டும், "சின்னப் புள்ளைகள், தயாளினி," என்றார். "சின்னப் புள்ளையாத்தான் டீச்சர் நானும் அந்த வாங்குல ஒக்காந்தேன்," என்று இவள் மடக்கினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டின. பூசாரி கட்டக் கட்ட, "சிங்களம் பேச மாட்டேன், எல்லை தாண்ட மாட்டேன்" என்று ஒவ்வொன்றும் சொல்லியது. வீட்டுக்கு வரும் வழியில் யதுஷா அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பேசாம இருந்தா போதுமா? நெனப்புல வந்தா?"

"நெனப்புலயும் வரக் கூடாது. மிஷின் அதத்தான் பாக்குது."

"தானா வந்துச்சின்னா?"

தயாளினி யோசித்தாள். ஊசி போடும்போது பிள்ளைகளுக்கு அவள் சொல்கிற வித்தை ஒன்று இருந்தது. "யாராச்சும் சிங்களத்துல பேசினா காதுல வாங்காத. கண்ண மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள ஒன்னு ரெண்டு மூனுன்னு தமிழ்ல எண்ணு. நூறு வரைக்கும் எண்ணு. அதுக்குள்ள போயிரும்."

"போகாட்டி?"

"மறுபடியும் ஒன்னுலருந்து."

யதுஷா தலையாட்டினாள். இந்த வித்தையைத் தயாளினி மற்றத் தாய்மாருக்கும் சொன்னாள். கொழுந்து நிறுக்கிற இடத்திலும் பைப்படியிலும் அது ஒரே நாளில் பரவியது.

சங்கம் டவுனிலிருந்து ஒரு பயிற்சிப் பட்டியை வாடகைக்கு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். யதுஷாவின் நாற்பத்தொன்று நாற்பத்தெட்டாகி, பிறகு ஐம்பத்தேழானது. பரீட்சையில் பாஸானதுபோல் தயாளினி குதித்தாள். கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்த கணவனுக்குப் போன் எடுத்தாள்.

"அம்பத்தேழு வந்துருச்சிங்க."

"சரி. புள்ள எப்பிடி இருக்கா?"

"அதத்தானே சொல்றேன். அம்பத்தேழு."

பிள்ளை எப்படி இருந்தாள் என்று அப்போது திரும்பிப் பார்த்திருக்கலாம். செனுரி பின்னேரங்களில் கயிற்றோடு கேட்டடிக்கு வந்து, "யது, யமு" என்று விளையாடக் கூப்பிடுவாள். யதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை இறுக்கி நிற்பாள். சில நாள் கழித்து தயாளினி கூப்பிட்டாலே அவள் திரும்ப நேரமெடுத்தது. கேள்விக்குப் பதில் தாமதமாக வந்தது, பிறகு ஒற்றைச் சொல்லாக வந்தது. அடக்கமாகிவிட்டாள் என்று தயாளினி பெருமையாக நினைத்துக்கொண்டாள். கோபக்காரர்களுக்கு எதிரி மேலேயே கண் இருக்கும். தன் மடியில் இருப்பது கண்ணில் படாது.

செனுரி விடுகிற ஆள் இல்லை. கேட்டில் கூப்பிட்டால் வரவில்லை என்றதும், பாடசாலை விடுகிற நேரம் உள்ளே வந்து தோட்டப் பாதையில் காத்து நின்றாள். அவளைத் தவிர்க்க யதுஷா பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்கினாள். பெரியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், அங்கே சவுக்கு மரத்தில் குளவிக் கூடு இருந்தது. யதுஷாவுக்கு இப்போது இரண்டு கட்டளைகள். எதை மீறினால் சாமி குற்றம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். செனுரி அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். கூடு கலைந்தது.

செனுரி போட்ட கூச்சலில் சந்தமாலி ஈரச் சாக்கோடு ஓடி வந்தாள். தன் மகளையும் யதுஷாவையும் ஒரே சாக்கில் போர்த்தி, முச்சக்கர வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அந்த நேரம் தயாளினி அதே ஆஸ்பத்திரியின் மாடியில், பிரசவ அறையில் இருந்தாள். தோட்டத்துப் பெண் ஒருத்தி வலியில் துடிக்க, சிங்கள டாக்டரம்மாவுக்கு இவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வலிக்கிதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னாத்தானே தெரியும்," என்று அதட்டவும் செய்தாள்.

கீழே இளம் டாக்டர் தினேத் யதுஷாவைப் பார்த்தான். கையில் இரண்டு மூன்று கொட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை. செனுரிக்குத்தான் முகம் முழுக்கக் கொட்டியிருந்தது. அவள் அழுது, அங்கே வலிக்கிறது, இங்கே எரிகிறது, கண் தெரியவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவளுக்கு உடனே மருந்து ஏறியது. டாக்டர் யதுஷாவிடம் சிங்களத்தில் கேட்டான், வாய்க்குள் கொட்டியதா, தொண்டை இறுகுகிறதா, மூச்சு விட முடிகிறதா என்று. மேசையில் இருந்த மொழிபெயர்ப்புக் கருவி அதையே தமிழில் திருப்பிச் சொன்னது. ஆனால் முதல் சிங்களச் சொல் விழுந்ததுமே பிள்ளை கண்ணை மூடி உதட்டை இறுக்கிக்கொண்டாள். பின்னால் வந்த தமிழும் அவளுக்குள் போகவில்லை. பயந்திருக்கிறாள், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று டாக்டர் நகர்ந்தான். ஓடி மூச்சிரைத்துத் திறந்த வாய்க்குள் புகுந்து நாக்கின் அடியில் ஒரு குளவி கொட்டியிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

யதுஷாவின் உதடு நீலமாவதைக் கண்டு கத்தியது சந்தமாலி. தயாளினி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மகளின் தொண்டைக்குள் குழாய் இறங்கியிருந்தது.

பிள்ளை பிழைத்தாள். மறுநாள் தினேத் தயாளினியைத் தனியாகக் கூப்பிட்டான். சிங்களத்தில்தான் பேசினான். "மிஸ், நான் கேட்டது உங்கள் மகளுக்கு விளங்கியது. கேள்வி காதில் விழுந்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். விளங்கியும் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

தயாளினிக்கு இரண்டு மொழியும் தெரியும். கேட்டது விளங்காதவள்போல் மகளின் கட்டிலடிக்குத் திரும்பினாள்.

குழாயை எடுத்த பிறகும் யதுஷா பேசவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, தன்னால் பேசுவாள் என்றார்கள். சாப்பிட்டாள், தூங்கினாள், கூப்பிட்டால் வந்து நின்றாள். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. கையில் காப்பு அழுக்கேறிக் கிடந்தது. தயாளினி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேரே பாக்கியநாதன் கடைக்குப் போனாள்.

"இன்னைக்கி இத வெட்டப் போறேன். தலைவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யணும்னு வந்தேன்."

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஒம் புள்ள படுற பாடு எனக்குத் தெரியாதாம்மா? ஆனா நடுவுல ஒன்னு அவுத்தா அத்தனையும் அவுத்துரும். நீதானே கட்டச் சொன்ன. சோதனைக்கு இன்னும் ரெண்டு வாரந்தான். அப்பறம் பாடசாலையும் நமக்கு, புள்ளையும் நமக்கு."

"அதுக்குள்ள இவளுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா?"

"இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுட்டோம்னா, எல்லாப் புள்ளையும் அந்தக் கடைசி வாங்குலதான் போய் ஒக்காரும். நீ சொன்னதுதான்."

அவளுடைய வார்த்தையையே எடுத்து அவள் கையில் கொடுத்தார். கத்தரிக்கோலோடு திரும்பி வந்தாள், வெட்டவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஆணையகத்தின் மேல் இருந்த கோபம் பெரிதா, தன் மேல் இருந்த கோபம் பெரிதா என்று அவளுக்கே தெரியாது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு நோயாளிகளிடம் எரிந்து விழுந்தாள்.

சோதனை நாளில் பாடசாலை மண்டபத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். குணாளன் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. பட்டி மாட்டப்பட்டது, படம் ஓடியது, புள்ளி வந்தது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றாறு. தொண்ணூற்று நான்கு. பெற்றோர் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கைதட்டத் தொடங்கினார்கள். குணாளனின் புருவம் ஏறிக்கொண்டே போனது. யதுஷா உட்கார்ந்தாள். திரையில் வந்தது நூறு.

"நூத்துக்கு நூறு!" பாக்கியநாதன் எழுந்து நின்று கும்பிட்டார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"இந்த நாட்டுல எந்தப் பாடசாலையிலயும் நான் நூறு பாத்ததில்ல," என்றார் குணாளன். குனிந்து யதுஷாவின் கன்னத்தைத் தட்டினார். "பேர் என்னம்மா?"

யதுஷா அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

தயாளினி எழுந்தாள். "சேர், உள்ளுக்கு என்னா ஓடுச்சின்னு எனக்குப் பாக்கணும்."

"எதுக்கு மிஸ்? நூறு எடுத்த பிள்ளைக்கி..."

"பெத்தவங்க கேட்டா காட்டணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் கேக்குறேன்."

குணாளன் உதவியாளரைப் பார்த்தார். வேறு வழியில்லை. திரையைத் தயாளினி பக்கம் திருப்பினார்கள். ஒரு பக்கம் பிள்ளைக்குக் காட்டிய படங்கள், அதன் அருகே அப்போது அவள் தலைக்குள் ஓடிய சொற்கள். மாம்பழத்தின் படம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாய்க்குட்டி. பதினெட்டு, பத்தொன்பது. மழையில் நனைகிற பஸ். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஒரு தாய் குழந்தையைத் தூக்கி முத்தமிடுகிற படம். நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. நூறு வந்ததும் மறுபடியும் ஒன்று.

வேறு ஒரு சொல்கூட இல்லை. அம்மா என்றுகூட இல்லை.

"என்னாங்க இருக்கு?" என்று பின்னால் இருந்து ஒரு தாய் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் மகனுடையதையும் காட்டச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. எல்லாரும் எழுந்து வந்தார்கள். யதுஷாவுடையதைப் போல முழுதாக இல்லை, அங்கங்கே ஒரு பசி, ஒரு மூத்திரம், ஒரு வீட்டுக்குப் போகணும் இருந்தது. மற்றபடி முப்பத்துமூன்று பிள்ளைகளின் தலைக்குள்ளும் ஒன்று, இரண்டு, மூன்று.

குணாளன்தான் முதலில் சுதாரித்தார்.

"அதுக்கென்ன மிஸ். இலக்கமும் தமிழ்தானே. கருவிக்குத் தமிழா இல்லையான்னு மட்டுந்தான் கேள்வி."

தயாளினி அவர் முன்னால் போய் நின்றாள். "படிச்ச மனுசன்தானே நீங்க? அம்மா படத்தப் பாத்து நாப்பத்தேழுங்கிது எம்புள்ள. பேசுற புள்ள ஒங்க மிஷினுக்குத் தமிழ் இல்ல. வாயடச்சிப்போன புள்ள நூத்துக்கு நூறு தமிழ். இதுக்குப் பேரு மொழி உரிமையா? வெக்கமா இல்ல?"

குணாளன் பதிலுக்குக் கத்தவில்லை. அவளை மூலைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "மிஸ், நான் சம்பளத்துக்கு வேல பாக்குறவன். சொல்லு பூரா இலக்கமா இருக்குன்னு நான் அறிக்கையில எழுதினா, சோதனை செல்லாது. பாடசாலை போயிரும். எழுதாட்டி நிக்கும். நீங்களே சொல்லுங்க, எழுதவா, வேணாமா?"

தயாளினி திரும்பிப் பார்த்தாள். தாய்மார் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாக்கியநாதன் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய உயிரெழுத்து அட்டைகள் காற்றில் ஆடின. அந்தக் கடைசி வாங்கு அவளுக்கு நினைவு வந்தது, நனைந்த உடுப்பும் நினைவு வந்தது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற உலகத்தை அவள் மனதாரச் சபித்தாள்.

"எழுதாதீங்க," என்றாள்.

குணாளன் நிம்மதியாக மூச்சு விட்டார். வாகனத்தில் ஏறும்போது ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார். "மிஸ், மத்தத் தோட்டத்துப் பாடசாலை எல்லாம் நாப்பது அம்பதுன்னு நிக்கிது. பாவம், மூடப் போறாங்க. நீங்க இத எப்பிடிச் செஞ்சீங்கன்னு அவங்களுக்கு ஒருக்கா வந்து சொல்லிக்குடுக்கணும். ஒங்க பேரையே அந்த முறைக்கு வைப்போம்." கேலியாகச் சொல்லவில்லை. நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

அன்று மாலை பூசாரி கோயிலில் பிள்ளைகளின் காப்பை முறைப்படி அவிழ்த்தார். பொங்கல் கொடுத்தார்கள், பாக்கியநாதன் செலவில் பட்டாசும் வெடித்தது. தயாளினி பொங்கலுக்கு நிற்கவில்லை. யதுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே எல்லைக் கேட்டுக்கு நடந்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் செனுரி இருந்தாள். முகத்தில் கொட்டின தழும்பு இன்னும் மாறவில்லை. யதுஷாவைக் கண்டதும் எழுந்தாள், ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடுவாள் என்று பழகியிருந்தாள். கயிற்றை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"போம்மா," என்றாள் தயாளினி. "காப்பு அவுத்தாச்சி. இனி ஒன்னும் இல்ல. போய் வெளையாடு."

யதுஷா நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், உதடு அசையத் தொடங்கியது. தயாளினி கேட்டைத் திறந்தாள். செனுரியிடமிருந்து கயிற்றின் ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சந்தமாலி ஒன்றும் கேட்காமல் வந்து மறு முனையைப் பிடித்தாள். கயிறு சுழன்று தரையில் அடித்தது. செனுரி உள்ளே குதித்தாள். தயாளினி மகளைப் பார்த்துக்கொண்டே, அவளுக்குக் கேட்கும்படி, சத்தமாகச் சிங்களத்தில் எண்ணினாள்.

"எக்காய். தெக்காய்."

யதுஷா கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தைத் தயாளினி ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ள வருகிறாள் என்று தயாளினி குனிந்தாள்.

பிள்ளை எட்டி, மஞ்சள் கயிற்றின் தடம் மாறாத அந்தக் கையால், அம்மாவின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.